லாரி மெருகேற்றும் தொழில் (நாமக்கல்–சங்ககிரி வட்டாரம்)

லாரி மெருகேற்றும் தொழில் என்பது சரக்கு வாகனங்களைக் கழுவி, வெளிறிய வண்ணத்தைத் தேய்த்து, பளபளப்பை மீட்கும் வேலையைக் குறிக்கும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு, குமாரபாளையம் ஆகிய ஊர்கள் அடங்கிய வட்டாரத்தில், பாடி கட்டும் பட்டறைகளின் கடைசி வேலையான பெயிண்டிங்கிலிருந்து இது பிரிந்தது. சிறு முதலில் உபதொழிலாகவும் தொடங்கக்கூடியது.

பின்னணி

காவிரிக்கரையை விட்டு நகர்ந்தால் இவ்வட்டாரம் பெரும்பாலும் மானாவாரி நிலம். சங்ககிரியில் 1960களில் சிமெண்ட் ஆலை இயங்கத் தொடங்கியது. லாரி வைத்திருப்பது அங்கே குடும்பத்தொழிலாகப் பரவியது. நாமக்கல் சமையல் எரிவாயு டேங்கர்களுக்கும் முட்டை லாரிகளுக்கும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கும் பெயர்பெற்றன. பவானிக்கு எதிர்க்கரையில் உள்ள குமாரபாளையம் விசைத்தறிக்கும் சாயத்துக்கும் அறியப்பட்ட ஊர். ஆனால் சேலம்–கொச்சி நெடுஞ்சாலை அதைத் தொட்டுச் செல்வதால் லாரிக்கும் அந்நியமல்ல.

பட்டறைக் காலம்

முன்பு நிறுவனங்கள் பெரும்பாலும் சேசிஸும் எஞ்சினும் முகப்பும் மட்டுமே கொடுத்தன. ஓட்டுநர் அறை முதல் சரக்குப் பெட்டி வரை மரமும் தகடும் கொண்டு உள்ளூரில் கட்டப்பட்டன. தச்சர், வெல்டர், டிங்கர் ஆகியோர் முடித்தபின் பெயிண்டர் வருவார். பட்டி பூசி, தண்ணீர் ஊற்றி உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, எனாமல் பூசுவார். முகப்பில் குலதெய்வத்தின் பெயர், பின்புறம் 'நாம் இருவர் நமக்கு இருவர்', ஒரு தாமரை அல்லது மயில்.

எனாமல் வெயிலில் சீக்கிரம் வெளிறும். அதைத் தேய்த்து மீட்பதைவிட மேலே இன்னொரு பூச்சு அடிப்பது மலிவு. ஆகவே அக்காலத்தில் மெருகேற்றுவதற்குத் தேவையே எழவில்லை.

சட்டமும் வண்ணமும்

லாரியின் அழகை உரிமையாளரின் ரசனையோடு மட்டும் சேர்த்துப் பார்ப்பது சரியல்ல. பழைய வண்டி ஆண்டுதோறும் தகுதிச் சான்றுக்கு, அதாவது எஃப்.சி.க்கு, நிற்க வேண்டும். அதற்குமுன் பெயிண்ட் அடிப்பது வழக்கம். பெயிண்டருக்குத் தொடர்ந்து வேலை தந்தது இந்த நாட்காட்டிதான். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் நேஷனல் பெர்மிட் லாரிகளுக்குக் காய்ந்த இலைப் பழுப்பு நிறத்தையும் வெள்ளைக் கரையையும் வகுத்திருந்தன.

2018 நவம்பரில் வந்த திருத்தம் இந்த நாட்காட்டியை மாற்றியது. எட்டு ஆண்டு வரையிலான வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் சான்று புதுப்பித்தால் போதும் என்றானது. முழுமையாகக் கட்டி விற்கப்படும் புதிய வண்டிக்குப் பதிவின்போது தனிச் சான்று தேவையில்லை. புது வண்டிகளைப் பொறுத்தவரை பெயிண்டருக்குரிய எஃப்.சி. வேலை பாதியானது என்றே கொள்ளலாம்.

மெருகுக்கு இடம்

ஓட்டுநர் அறை ஆலையிலேயே கட்டி வண்ணம் பூசப்பட்டு வரத் தொடங்கியதும் கணக்கு தலைகீழானது. ஆலைப் பூச்சை மூடி எனாமல் அடித்தால் வண்டி பழசாகத் தெரியும், மறுவிற்பனை விலையும் குறையும். எனவே இருக்கும் பூச்சைக் காப்பதே லாபம். கழுவிய பின் ரப்பிங் காம்பவுண்டு வைத்து பஃபிங் இயந்திரத்தில் கம்பளி வட்டால் தேய்த்து, பிறகு நுரை வட்டால் மென்மையாக்கி, மெழுகு பூசுகிறார்கள். ஒரே இடத்தில் இயந்திரத்தை நிறுத்தினால் சூட்டில் பூச்சு எரிந்துவிடும். கதவு விளிம்புகளில் அடித்தகடே வெளித் தெரியும். கார் பழகிய கை லாரியில் தடுமாறுவது உயரத்தால். சாரம் போட்டு நின்று தேய்க்க வேண்டும்.

முதல் என்பது இயந்திரம், அழுத்த நீர் பம்பு, வண்டி நிற்க இடம், அவ்வளவே. கடினமானது நேரம். மாதத் தவணை ஓடும் லாரி ஒரு நாள் நின்றாலும் உரிமையாளருக்கு நட்டம். லோடு இறக்கி அடுத்த லோடு கிடைப்பதற்குள் வேலை முடிய வேண்டும். ஆயுத பூசைக்கு முந்தைய நாட்களில் மட்டும் வண்டிகள் தாமாக வரிசையில் நிற்கும். கழிவுநீரும் ஒரு சிக்கல். சாயக்கழிவால் காவிரி கெடுவது பற்றி நீண்ட காலமாகப் பேசப்படும் குமாரபாளையத்தில் எண்ணெயும் கிரீசும் கலந்த நீரைச் சாக்கடையில் விடுவது எளிதில் கண்ணில் படும். எண்ணெயைப் பிரிக்கும் தொட்டி கட்டியே தொடங்க வேண்டியிருக்கிறது.

கையெழுத்துப் பெயிண்டர்களின் இடத்தைப் பெருமளவு ரேடியம் ஸ்டிக்கர் எடுத்துக்கொண்டது. அவர்களின் கைக்கு ஏற்ற வேலை இன்னும் எஞ்சியிருப்பது எரிவாயு டேங்கர்களின் வளைந்த வெள்ளை முதுகில்தான்.