குற்றாலத்தின் பெயரில் ஒரு பூச்சி

குற்றாலம் சீஸன் என்றதும் என்ன ஞாபகம் வரும்? சாரல், பேரருவி, குரங்கு, எண்ணெய்க் குளியல், அப்புறம் செங்கோட்டைப் பக்கம் பார்டர் பரோட்டா. இந்தப் பட்டியலில் இடம்பெறாத ஓர் ஆசாமியைப் பற்றித்தான் இந்த வாரம். பெயர் ‘பீட்டர்சுலா கோர்ட்டாலென்சிஸ்’. ஏதோ ரோமாபுரி ராஜா என்று மிரள வேண்டாம். ‘கோர்ட்டாலென்சிஸ்’ என்றால் குற்றாலத்துக்காரர்! வெள்ளைக்காரன் வாயில் குற்றாலம் ‘கோர்ட்டாலம்’ ஆனது அல்லவா, அதிலிருந்து வந்தது.

ஆள், மேஃப்ளை என்கிற பூச்சி இனம். ஈசலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஈசல் கறையான் வம்சம். இது தண்ணீர்ப் பிறவி. மாதக்கணக்கில் ஓடைக் கல்லுக்கு அடியில் இளம்பூச்சியாகவே காலம் தள்ளும். வயிற்றின் இரு பக்கமும் செவுள், பின்னால் பெரும்பாலும் மூன்று வால். பலமுறை சட்டை உரித்து, ஒருநாள் இறக்கையோடு வெளியே வரும். வந்த பிறகும் இன்னொரு முறை சட்டையைக் கழற்றும். இறக்கை முளைத்த பின் சட்டை உரிக்கும் பூச்சி உலகத்திலேயே இது ஒன்றுதான். அதற்குப் பிறகு சாப்பாடு கிடையாது. வாய் இருந்தும் உபயோகமில்லை. ஜோடி சேர்ந்து முட்டையிட்டு, சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கதை முடிந்துவிடும். மாதக்கணக்கில் சேர்த்ததை ஒரே நாளில் செலவழிக்கும் இந்தக் கணக்கு, பி.காம். படித்த என் மூளைக்கு இன்னமும் ஏறவில்லை.

விஞ்ஞானிகளுக்குத் தலைவலி இங்கேதான். பெற்றோர் ஒருநாள் ஆகாயத்தில், பிள்ளைகள் கல்லுக்கடியில். உருவ ஒற்றுமை சுத்தமாக இல்லை. எந்தப் பிள்ளை யாருடையது?

இந்தியாவில் ‘நேதனெல்லா’ என்ற வகைக்கு ஓர் இளம்பூச்சியைப் பிள்ளை என்று எழுதி வைத்திருந்தார்கள். 1984-ல் ஒரு கட்டுரை வந்தது... அது நேதனெல்லாவின் பிள்ளையே இல்லையாம்! ஆஸ்பத்திரியில் குழந்தை மாறிய கதைதான். எழுதியவர்கள் இரண்டு பேர். ஒருவர் மதுரைக் கல்லூரியின் கே.ஜி. சிவராமகிருஷ்ணன். மற்றவர் அமெரிக்காவின் ஃப்ளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் பீட்டர்ஸ்.

அதே 1984-ல்தான் சிவராமகிருஷ்ணன் நம் குற்றாலத்துக்காரருக்கும் பெயர் சூட்டினார். வெறும் புது இனம் மட்டுமல்ல, புதுப் பேரினமே. ‘பீட்டர்சுலா’ அந்த பீட்டர்ஸுக்கான மரியாதை. அடுத்த வருடம் இன்னொரு மேஃப்ளை நிபுணர் ஜார்ஜ் எட்மண்ட்ஸ் பெயரில் ‘எட்மண்ட்சுலா’ வந்தது. கும்பக்கரை அருவியின் பெயரிலும் பின்னால் ஒரு பூச்சி உண்டு.

யோசித்துப் பாருங்கள். ராபர்ட் வைட் 1830-களிலேயே குற்றாலத்துக்கு வந்து செடி கொடிகளைச் சேகரித்தவர். திரிகூடராசப்பக் கவிராயர் அதற்கும் முன்பே குறவஞ்சியில் இந்த மலையின் குரங்குகளைப் பாடிவிட்டார். காலடியில் கிடந்த பூச்சிக்கு மட்டும் 1984 வரை பெயர் இல்லை!

பெயர் வைப்பது லேசுப்பட்ட காரியமா? கல்லைப் புரட்டி, வலையில் பிடித்து, ஆல்கஹாலில் போட வேண்டும். பிறகு தாடை, செவுள், கால் நகம் என்று பிரித்து மைக்ராஸ்கோப்பில் மயிரையும் பல்லையும் எண்ண வேண்டும். பிள்ளை யாருடையது என்று தெரிய, இளம்பூச்சியை உயிரோடு வளர்த்து அது இறக்கையோடு வரும்வரை காத்திருக்க வேண்டும். உரித்துப்போட்ட சட்டைதான் பிறப்புச் சான்றிதழ்; பத்திரமாக எடுத்துவைக்க வேண்டும். இப்போது டி.என்.ஏ. சோதனை இருக்கிறது. அன்றைக்கு? பொறுமை ஒன்றுதான்.

இந்தப் பூச்சிகளில் பலவற்றுக்குத் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும், ஆக்சிஜன் நிறைய வேண்டும். அதனால்தான் ஓடையின் ஆரோக்கியத்தைப் பார்க்க வரும் ஆட்கள் முதலில் கல்லைப் புரட்டி இளம்பூச்சிகளைத் தேடுகிறார்கள். எண்ணெய், சோப்பு, ஷாம்பு கலந்தால் முதலில் காணாமல் போகிறவர்கள் வரிசையில் இவர்களும் இருப்பார்கள். குற்றால அருவிகளில் இந்த மூன்றையும் பயன்படுத்தக் கூடாது என்று 2014-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்தது. குளிக்கப் போனவர்களுக்குத் தெரியும், அந்தத் தடைக்கு என்ன மரியாதை என்று.

போன சீஸனில் நானும் ஒரு நிபுணர் மாதிரி, அருவிக்குச் சற்றுக் கீழே சிற்றாற்றில் குனிந்து ஒரு கல்லைப் புரட்டினேன். மூன்று வால் ஆசாமி யாரும் இல்லை. ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.