இடுப்பு வலியும் ஒரு பிரெஞ்சுச் சொல்லும்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு பிசியோதெரபி என்பதை விட ‘கினேசிதெரப்பி’ என்ற சொல்தான் முதலில் வாயில் வரும். கிரேக்க மொழியில் ‘கினேசிஸ்’ என்றால் அசைவு. அசைவால் செய்யும் வைத்தியம் என்பதே இதன் பொருள். 1847-இல் பாரிசில் வெளியான ஒரு நூலின் தலைப்பில் இந்தச் சொல் இருக்கிறது. அதை எழுதிய சுவீடன்காரர், 1813-இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கல்விக்கூடம் தொடங்கிய பெர் ஹென்ரிக் லிங்கின் மாணவர்.

சொல் இப்படி இருக்க, வைத்தியம் வேறு வழியில் போனது. வலிக்கு ஓய்வே மருந்து என்று லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன் 1863-இல் நூல் எழுதினார். 1934-இல் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள், முதுகெலும்பின் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதால் கால் வரை வலி இறங்கும் என்று காட்டினார்கள். அதன்பின் ‘டிஸ்க்’ என்றாலே எல்லோருக்கும் பயம். நான் வேலை பார்த்த காலத்தில் இடுப்புப் பிடிப்புக்குப் பலகைப் படுக்கையும் மூன்று வார மெடிக்கல் லீவும் சகஜம்.

1956-இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கென்சியிடம் வந்த ஒரு நோயாளி, தலைப்பக்கம் உயர்த்தியிருந்த மேசையில் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். சில நிமிடம் முதுகு பின்பக்கம் வளைந்து கிடந்ததில், வாரக்கணக்கில் விடாத கால்வலி விட்டது. மெக்கென்சி பயிற்சிகள் அங்கிருந்து பிறந்தவை.

படுக்கை ஓய்வை முறையாகச் சோதித்தது பிறகுதான். 1986-இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்காவில் 203 பேரிடம் பார்த்ததில், ஏழு நாள் படுத்தவர்களுக்கு இரண்டு நாள் படுத்தவர்களை விட எந்த லாபமும் இல்லை. 1995-இல் வெளியான ஆய்வில் இருந்தவர்கள் நம்மைப் போன்ற ஊழியர்கள், ஹெல்சிங்கி மாநகராட்சியைச் சேர்ந்த 186 பேர். முடிந்தவரை அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்களே சீக்கிரம் தேறினார்கள். படுத்தவர்கள்தான் கடைசி.

போன வலி திரும்பி வருவதுதான் நம் வயதில் பெரிய தொல்லை. அதற்கும் ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2024-இல் வெளியானது. பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப சராசரியாக 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள்.

ஆகவே, இடுப்பு பிடித்தால் பயந்து படுத்துவிடாதீர்கள். கால் மரத்துப் போனாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ, கீழே விழுந்தபின் வலி வந்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள். இல்லையென்றால் ஒரு நல்ல பிசியோதெரபிஸ்டிடம் பயிற்சி கேட்டுக்கொண்டு, கடற்கரைச் சாலையில் மெதுவாக நடக்கத் தொடங்குங்கள்.