அரியலும் பன்னாடையும்

சில மாதங்களுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் விடுமுறைக்குச் சென்னை வந்திருந்தார். மெல்போர்னில் வேலை. தியாகராய நகரில் ஒரு துணிப்பை தைக்க வேண்டும், நல்ல தையற்காரர் யாரையாவது தெரியுமா என்று கேட்டார். என்ன பை என்றேன். சற்றுத் தயங்கி, "வீட்டில் பீர் வடிக்கிற பை ஐயா" என்றார். அவர் வாழும் நாட்டில் சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டிலே பீர் காய்ச்சுவது சட்டத்துக்கு உட்பட்டது. இங்கே 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி அது குற்றம். பை தைப்பது குற்றமாகாது என்பதால் உடன் சென்றேன்.

முறையை அவர் விளக்கினார். சுமார் 20 லிட்டர் பீருக்கு 5 கிலோ அளவில் பார்லி முளைதானியம் வேண்டும். முளைவிட்டபின் உலர்த்திய தானியத்தை உடைத்துப் பைக்குள் இட்டு, அண்டாவிலுள்ள 65 முதல் 68 பாகை செல்சியஸ் சூடுள்ள நீரில் ஒரு மணி நேரம் ஊறவிடுகிறார்கள். முளையிலுள்ள நொதிகள் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. பிறகு பையைத் தூக்கினால் தித்திப்பு நீர் அண்டாவில் தங்கும், சக்கை பையோடு வந்துவிடும். ஆஸ்திரேலியாவின் வீட்டுக் காய்ச்சுநர்களிடையே 2000களின் நடுவில் பரவிய முறை இது.

எல்லாம் துணியைப் பொறுத்தது என்றார். கோணிச்சாக்கு ஆகாது. சணலின் நாரும், அதைப் பதப்படுத்தும் எண்ணெயின் வாடையும் நீரில் இறங்கிவிடும். காடாத் துணி நெருக்கமானது, நீரை எளிதில் விடாது. மல் துணி நன்றாக வடிக்கும். ஆனால் கொதிநீரில் சுருங்கும், சரியாக உலராவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். கொசுவலையின் கண்கள் பெரியவை, மாவும் சேர்ந்து இறங்கும். முடிவில் சன்னல் திரைக்குப் பயன்படும் மெல்லிய பாலியெஸ்டர் துணியைத் தேர்ந்தார். அண்டாவே உள்ளே போகும் அகலம், தானியம் தேங்காதபடி வளைத்துத் தைத்த அடிமூலைகள், இரட்டைத் தையல், அடிப்பக்கத்தைச் சுற்றி மேலே வரும் கெட்டி நாடா என்று அளவு சொன்னார். நனைந்த தானியம் எட்டுப் பத்துக் கிலோ கனக்குமாம்.

பாண்டி பஜாரை ஒட்டிய சந்தில் இருந்த தையற்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என்ன சார், கல்யாணச் சமையலுக்குத் தேங்காய்ப்பால் பிழியறதா?" என்றார். மாணவர் சிரித்து மழுப்பினார். எனக்குப் 'பிழி' என்ற சொல் பிடித்துக்கொண்டது.

சங்க இலக்கியத்தில் 'பிழி' என்பது கள்ளின் பெயர்களுள் ஒன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் அச்சொல் தொழில் விளக்கத்தோடு வருகிறது. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் 500 அடிப் பாட்டு அது. பரிசில் பெறச் செல்லும் பாணனுக்கு வழியிலே எந்தெந்தக் குடியில் என்னென்ன உணவு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகிறது. வலைஞர் குடியிருப்புக்கு வரும்போது சுட்ட மீனோடு கிடைக்கும் ஒரு கள்ளைப் பற்றிச் சொல்கிறது. அது பனங்கள்ளன்று. அரிசியில் ஆக்கியது.

செய்முறையை உரைவழியில் வரிசைப்படுத்திப் பார்க்கலாம். குற்றித் தீட்டாத அரிசியைக் குழையக் கூழாக அட்டு, அகன்ற வாயுடைய பிழாவிலே கொட்டி ஆற்றுகிறார்கள். அக்கூழின் பெயர் துழவை. நல்ல முளையை இடித்து அதில் கலக்கிறார்கள். புற்றுக்குள் இருக்கும் குரும்பியைப் போன்ற தோற்றமுடையது அந்த முளையடை என்கிறார் புலவர். இனிமை பிறக்கும்படி இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிகின்றன. பிறகு திண்ணிய வாயுடைய சாடியில் முற்ற விளைகிறது. கடைசியில் வெந்நீரும் வடித்தலும் விரலால் அலைத்துப் பிழிதலும் சொல்லப்படுகின்றன.

மாணவர் மெல்போர்னில் செய்வதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. கூழை ஏன் ஆற்ற வேண்டும்? கொதிக்கும் கூழில் முளையைக் கலந்தால் நொதி செயலிழந்துவிடும். ஏன் முளை? முளைக்கும் தானியம்தான் மாவைச் சர்க்கரையாக்கும் நொதியைத் தருகிறது. இனிமை பிறக்கும் என்று புலவர் ஏன் சொல்கிறார்? போதைக்கு முன்பு இனிப்பு வந்தாக வேண்டும் என்பதே இதன் வேதியியல். நொதியின் பெயர் அறியாதவர்கள் அதன் ஒழுங்கை அறிந்திருக்கிறார்கள். புலவரும் ஒரு படியைக்கூடத் தவறவிடாமல் பார்த்திருக்கிறார்.

அதே பாட்டில் மறவர் குடியிருப்பில் கிடைக்கும் நெற்கள்ளுக்குத் தோப்பி என்று பெயர். அது வீட்டிலே அட்டது என்று பாட்டு தெளிவாகக் குறிக்கிறது. சோறு ஆக்குவதற்கும் கள் ஆக்குவதற்கும் அடுதல் என்ற ஒரே வினை. சமையலறைக்கு அட்டில் என்று பெயர் வந்ததும் அவ்வினையிலிருந்துதான். ஆங்கிலத்தில் இன்று வீட்டுக் காய்ச்சல் என்று தனித்துச் சொல்லும் ஒன்று அன்றைய தொண்டை நாட்டில் அடுப்படி வேலைகளுள் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

தானியக் கள் ஆக்கும் எல்லா மக்களுக்கும் சக்கை ஒரு சிக்கல். மெசபடோமியர் சாடிக்குள் நீண்ட குழல்களை விட்டு உறிஞ்சினர். பழைய முத்திரைகளில் அக்காட்சி உண்டு. கிழக்கு இமயமலையில் லிம்பு மக்கள் கேழ்வரகில் ஆக்கும் தோங்பாவை இன்றும் அடியில் வடிதுளையுள்ள மூங்கிற் குழலால் குடிக்கிறார்கள். குடிக்கும்போதே வடிகட்டுவது அவர்கள் வழி. முன்கூட்டியே பிழிந்து வடிப்பது நம் வழி. அந்த வேலை நம் சொற்களில் படிந்திருக்கிறது. அரித்து எடுத்தது அரியல். பிழிந்தது பிழி. தெளிந்தது தேறல். வடித்தது வடி. கள்ளின் பெயர்களில் இத்தனை, அதைக் குடித்தபின் வரும் மயக்கத்தை விட்டு, அதைத் தெளிவாக்கிய கையின் வேலையிலிருந்து பிறந்திருக்கின்றன.

எதனால் அரித்தார்கள் என்பதைப் பாட்டு சொல்லவில்லை. துணியாக இருக்கலாம். பன்னாடையாக இருக்கலாம் என்பது என் ஊகம். பனை, தென்னை மட்டைகளின் அடியைச் சுற்றி இயற்கை நெய்து வைத்திருக்கும் நார்வலைதான் பன்னாடை. பெயரிலேயே ஆடை இருக்கிறது. கள்ளும் தேனும் நெய்யும் வடிகட்ட நம் மக்கள் நெடுங்காலம் கைக்கொண்ட கருவி. தறியும் தையலும் தேவையில்லை. மரம் தருவது.

இக்கருவிக்கு இலக்கணத்தில் ஒரு பழி நேர்ந்தது. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், மாணாக்கரைத் தலை, இடை, கடை என்று பிரித்து உவமை சொல்கிறார். அன்னமும் பசுவும் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் இடை. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை கடை. நெய்யரிக்குப் பன்னாடை என்றே பொருள் சொல்வது வழக்கம். நல்லதை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மாணவன் என்பது கருத்து. சென்னைத் தெருவில் ஒருவன் மற்றவனைப் 'பன்னாடை' என்று ஏசும்போது அந்த உவமையின் நிழல்தான் விழுகிறது. கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொண்டு தெளிவைப் பிறருக்குக் கொடுப்பது வடிகட்டியின் கடமை. அதைச் சரியாகச் செய்ததற்காக அது வசைச்சொல்லாயிற்று.

இதை எழுதும்போது என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளாகப் பெரும்பாணாற்றுப்படை நடத்துகிறேன். வலைஞர் குடிப் பகுதி வரும்போதெல்லாம் "இங்கே ஒரு வகைப் பானம் செய்யும் முறை கூறப்படுகிறது" என்று ஒரே வாக்கியத்தில் கடந்து, யாழ் வருணனைக்கோ மன்னனின் கொடைக்கோ போய்விடுவேன். யாரும் தடுத்ததில்லை. வகுப்பில் கள்ளைப் பற்றி விரித்துப் பேசக் கூச்சம், அவ்வளவுதான். அக்கூச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுதும் வந்தது. 1971இல் தளர்ந்து சில ஆண்டுகளில் மீண்டும் இறுகியது. 1981இல் திறந்த கள்ளுக்கடைகள் 1987 முதல் மூடப்பட்டன. குடியால் அழிந்த குடும்பங்களை என் மாணவர்களின் வீடுகளிலேயே கண்டிருக்கிறேன். ஆகவே கூச்சத்தை முழுதும் பொய் என்று தள்ள மாட்டேன். ஆனால் இன்று ஒரு வீட்டை அழிக்கும் சரக்கும், மீன் சுட்ட அடுப்பின் பக்கத்தில் ஒரு மீனவப் பெண்ணோ ஆணோ இரண்டு நாள் காத்திருந்து பிழிந்த கூழ்க்கள்ளும் ஒன்றல்ல. ஒன்றுக்காக நாணி மற்றதை மறைத்தபோது, மறைந்தது கள் மட்டுமில்லை. உழைக்கும் குடிகள் தானியத்தைப் பற்றி அறிந்திருந்த அறிவும் சேர்ந்து மறைந்தது. மன்னன் தங்கினான், வலைஞர் ஒழுகிவிட்டனர். பவணந்தி சொன்ன நெய்யரி என் வகுப்பில் மாணவர் இருக்கையில் இல்லை.

உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார். அரித்துப்போன ஏடுகளை ஊர் ஊராகத் தேடியவர் அவர். இந்த அடிகளைக் கள் என்பதற்காக அவர் விட்டுவிடவில்லை. துழவை, பிழா, அரியல் எல்லாம் அச்சேறின. அவர் பெயரில் 1943இல் அடையாறில் தொடங்கிய நூலகம் இன்று பெசன்ட் நகரில் இருக்கிறது. சிறிது தொலைவில் ஊரூர் குப்பத்தில் வலைகள் காய்கின்றன.

இந்தப் பருவத்தில் அப்பகுதியை வரிவரியாக நடத்தினேன். எங்கள் தெருத் தென்னையிலிருந்து விழுந்த ஒரு பன்னாடையை எடுத்துப்போய் மேசைமேல் வைத்து, இதன் பெயர் என்ன என்றேன். யாருக்கும் தெரியவில்லை. பெயரைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. பிறகு ஒரு மாணவி அதை வாங்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "தறியில் நெய்த மாதிரியே இருக்கு ஐயா" என்றாள். அடுத்த இருக்கைக்குக் கொடுத்தாள். மணி அடிக்கும்வரை அது கைமாறிக்கொண்டே இருந்தது.