குரோம்பேட்டை கூறும் கணக்கு

வளரும் நாடொன்று, தான் ஆக்கிய பொருளை உலகச் சந்தையிலே விற்று வெற்றி காண என்ன வேண்டும்? கூலி குறைவாயிருக்க வேண்டும், மூலப்பொருள் மலிவாய்க் கிடைக்க வேண்டும் என்பர் பொருளாதாரப் புலவர். இரண்டும் நம்மிடம் இருந்தன. இருந்தும் என்ன ஆயிற்று? 1948-இல் உலக ஏற்றுமதியில் இந்தியாவின் பங்கு நூற்றுக்கு 2.2, 1983-இல் 0.5! 1963-இல் கணக்கிலே தென்படாதிருந்த தென்கொரியாவோ, அதே 1983-இல் நம்மை முந்திவிட்டது. மலிவு மட்டும் மாலை சூட்டாது என்பதற்கு இனியும் சான்று வேண்டுமா?

வேண்டும் என்போர், பல்லாவரத்திலிருந்து தாம்பரத்துக்கு ரயிலேறட்டும். இடையிலே குரோம்பேட்டை. எந்தப் புராணமும் அறியாத பெயர்! குரோமிய உப்பால் தோல் பதனிடும் முறையிலிருந்து, சேம்பர்ஸ் என்ற வெள்ளையர் நிறுவிய குரோம் லெதர் தொழிற்சாலையிலிருந்து பிறந்த பெயர்.

அதற்குமுன் நம்மவர் கையாண்டது ஆவாரம்பட்டை முறை. வாரக்கணக்கிலே தோலை ஊறவைத்து, அரைப்பதமாக்கிக் கப்பலேற்றினர். மெருகேற்றும் வேலை இலண்டனில். கொழுத்த லாபமும் அங்கேயே. பொறியியல் பேராசிரியர் ஆல்பிரட் சாட்டர்டன், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, சென்னை அரசின் சார்பில் குரோம் முறையை ஆய்ந்தார்; கவலையில் நீர் இறைக்கும் தோற்பையும் செருப்பும் செய்து காட்டினார். ஐரோப்பிய வணிகர் முணுமுணுத்தனர். 1910-இல் இந்தியா மந்திரி மார்லி, அரசு தொழில் நடத்தலாகாது என்று தடுத்தார். கற்கும் பருவத்திலேயே கையைக் கட்டினர்!

வெள்ளையர் கட்டியது ஒரு கட்டு. நாமே கட்டிக்கொண்டதோ அதனினும் இறுகியது: வருணாசிரமம். தோலைத் தொட்டவன் தீண்டத்தகாதவனாம். அவன் பதப்படுத்திய தோல் போர்த்த மத்தளம் மட்டும் கோயிலுக்குள் முழங்கலாமாம்! படித்தவன் பட்டறைக்குள் நுழையான். பட்டறையில் உழல்பவனைப் பள்ளிக்குள் நுழைய விடார். கைத்திறனும் ஏட்டறிவும் சந்திக்க வழியில்லாத நாட்டிலே புதுமுறை எங்ஙனம் வேர்விடும்? தோல் வணிகத்தை முஸ்லிம் தோழர்கள் பெரிதும் முன்னின்று நடத்தியதற்கும் இத்தீட்டு ஒரு காரணம்.

திருப்பம் எங்கே தொடங்கிற்று? 1948-இல் அடையாற்றிலே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1958 முதல் 1971 வரை அதன் இயக்குநராயிருந்த நாயுடம்மா, ஆய்வுக்கூடத்தின் அறிவைப் பதனிடுவோர் வாயிலுக்கே கொண்டு சென்றார். பின்னர், சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி, 1973-இல் அரைப்பதத் தோலின் ஏற்றுமதிக்கு அளவு விதிக்கப்பட்டது. முழுதும் பதனிட்ட தோல், காலணி மேற்பாகம், தோலாடை ஆகியவை படிப்படியாக முன்னுக்கு வந்தன. கூலி குறைந்ததாலா? அன்று! அறிவு பட்டறைக்கு இறங்கி வந்ததால், அரசு துணிந்ததால்.

வளர்ச்சியின் மறுபக்கத்தையும் மறைப்பதற்கில்லை. பாலாற்றை நஞ்சாக்கிய தோல் தொழிற்சாலைகளைக் குறித்து 1996-இல் உச்சநீதிமன்றம், மாசு செய்தவரே ஈடு தரவேண்டும் என்றது. ஆறு இழந்ததைச் சேர்க்காமல் காட்டிய விலை, மலிவான விலையன்று; பொய்யான விலை.

தாம்பரம் சானடோரியத்திலே 1984-இல் ஏற்றுமதி வளாகம் பிறந்தது. ஊரார் வழக்கில் 'மெப்ஸ்'. பரப்பு 262 ஏக்கர்; 2003-இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாயிற்று. வேலி கட்டி, சுங்கவரியை விலக்கினால் ஏற்றுமதி பெருகும் என்ற கருத்து நமக்குப் புதிதன்று. காண்ட்லாவில் 1965-லேயே வேலி கட்டினோம். கொரியா மாசானில் கட்டியது 1970-இல்! ஐந்தாண்டு முந்திய நாம் பிந்தியதேன்? அவர்கள் வேலிக்கு முன்பே, 1950-இல், நிலத்தை உழுபவனுக்குப் பகிர்ந்தளித்தனர். ஊர்தோறும் பள்ளி திறந்தனர். நாம் வேலியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

மெப்ஸ் வாயிலிலே காலைதோறும் பெண்கள் திரள்திரளாக நுழைகின்றனர். அவர்கள் தைக்கும் ஆடைக்கு வடிவமைப்பும் பெயர்ச்சீட்டும் பெரும்பாலும் கடல்கடந்தே வருகின்றன. அரைப்பதத் தோலைக் கப்பலேற்றிய நாளிலே, மெருகின் லாபம் இலண்டனில் தங்கியதல்லவா? அந்தப் பாக்கி இன்னும் தீரவில்லை.