யாருக்காக வகுத்த முறை? – இரண்டாம் மொழி கற்பித்தலின் கதை



"நாங்கள் படித்த காலத்தில் இப்படியா தமிழ் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. வகுப்பறையில் பேச்சுத்தமிழ் ஒலிப்பதையும், இலக்கணப் பயிற்சித்தாள்கள் குறைந்திருப்பதையும் கண்டு எழும் கேள்வி அது. நியாயமான கேள்விதான். ஆனால், அதற்குரிய விடையை நம் பள்ளிக்குள் மட்டும் தேடினால் கிடைக்காது. இரண்டாம் மொழியைக் கற்பிக்க உலகம் கண்ட முறைகள் பல. அவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு மாணவனை மனத்தில் வைத்து உருவானவை. அந்த மாணவன் மாறியபோது முறையும் தடுமாறியது.

தமிழையே பிறமொழியாகக் கற்றவர்களிடமிருந்து தொடங்குகிறேன். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, சிறுவர்களோடு பள்ளியில் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழெழுத்துகளைப் பழகினார். அவர் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறியது. அவருக்குச் சற்றுப் பின் வந்த வீரமாமுனிவர், தம்மைப்போல் தமிழ் கற்க வரும் பாதிரிமாருக்காக இலக்கணம் எழுத முற்பட்டபோது, ஒரு நூல் போதாது எனக் கண்டார். மக்களின் அன்றாட வழக்காகிய கொடுந்தமிழுக்கு 1728-இல் ஒரு நூல். இலக்கிய வழக்காகிய செந்தமிழுக்கு 1730-இல் இன்னொரு நூல். இரண்டும் இலத்தீனில் எழுதப்பட்டவை. கொடுந்தமிழ் நூலை 1738-இல் அச்சிட்டவர்கள் தரங்கம்பாடி லுத்தரன் சபையார். வீரமாமுனிவர் கண்டன நூல்கள் எழுதித் தாக்கியது அவர்களைத்தான்! சமயப் பகையையும் மீறி அந்நூல் அவர்களுக்குத் தேவைப்பட்டது. தெருவில் நின்று பேச வேண்டியவனுக்கு எந்தத் தமிழ் முதலில் வேண்டும் என்பதில் இரு தரப்பாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை போலும்.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. அங்கே பள்ளிகளில் கற்ற பிறமொழி என்றால் அது பெரும்பாலும் இலத்தீன்தான். காலப்போக்கில் அது பேசுவோர் அருகிப்போய், படிப்பதற்கான மொழியாக நிலைத்தது. ஆகவே, விதியை மனப்பாடம் செய்தல், சொற்பட்டியலை ஒப்பித்தல், வாக்கியங்களை மொழிபெயர்த்தல் என்னும் முறை அதற்குப் பொருந்தியது. கொமேனியஸ் போன்ற சிலர் படங்களைக் காட்டிக் கற்பிக்க முயன்றனர். அவருடைய புகழ்பெற்ற படநூல் 1658-இல் வெளிவந்தது. எனினும், பள்ளிகளின் பொதுப்போக்கு மாறவில்லை. பிரெஞ்சும் ஆங்கிலமும் பாடங்களாக நுழைந்தபோது, அவையும் இலத்தீனுக்கு நிகரான 'கடினம்' உடையவை என்று காட்டவேண்டியிருந்தது. வாழும் மொழிகளையும் இறந்த மொழியைப்போல் கற்பிக்கத் தொடங்கினார்கள்.

அதன் விளைவைத் தம் உடலாலும் உள்ளத்தாலும் அனுபவித்தவர் பிரான்சுவா குவென் என்னும் பிரெஞ்சுக்காரர். இலத்தீன் ஆசிரியரான அவர் ஜெர்மன் மொழி கற்க ஹாம்பர்க் நகருக்குச் சென்றார். இலக்கண நூல் ஒன்றையும் 248 ஒழுங்கற்ற வினைச்சொற்களையும் சில நாள்களில் மனப்பாடம் செய்தார். அங்கிருந்த கல்விக்கழகத்திற்குச் சென்று விரிவுரையில் அமர்ந்தார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. வேர்ச்சொற்களை மனப்பாடம் செய்தார், பயனில்லை. இறுதியில் அகராதியையே, ஏறத்தாழ 30,000 சொற்களை, மனப்பாடம் செய்தார். கண்பார்வை கெட்டதுதான் மிச்சம். மனம் சோர்ந்து ஊர் திரும்பியவர், தாம் புறப்பட்டபோது பேசத் தெரியாதிருந்த மூன்று வயது உடன்பிறந்தார் மகன் இப்போது ஓயாமல் பேசித் திரிவதைக் கண்டார். அவனுக்கு அகராதி தந்தவர் எவருமில்லை. குழந்தை, தான் காணும் செயல்களை வரிசைப்படுத்திச் சொல்லிச் சொல்லியே மொழியைப் பிடிக்கிறது என்று முடிவுகட்டி, 1880-இல் ஒரு நூல் எழுதினார். 'கதவை நோக்கி நடக்கிறேன், கதவருகே நிற்கிறேன், பிடியைத் திருப்புகிறேன்' என்று செயலும் சொல்லும் இணைந்து செல்லும் பாடங்கள் அவருடையவை.

இரண்டாண்டு கழித்து ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஃபியத்தோர் என்பவர், மொழிக்கல்வி தலைகீழாகத் திரும்பவேண்டும் என்னும் கருத்தில் புனைபெயரில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1886-இல் பால் பாசி முதலான மொழியாசிரியர்கள் ஒன்றுகூடி அமைத்த சங்கமே பின்னாளில் உலக ஒலியியல் சங்கமாயிற்று. ஒலியியல் எழுத்துகள் ஆசிரியர்களின் முயற்சியால் பிறந்தவை என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. தாய்மொழியைக் கலக்காமல் கற்கும் மொழியிலேயே நடத்தும் 'நேரடி முறை' பரவியது. பெர்லிட்ஸ் பள்ளிகள் அதனால் செழித்தன. சிறு குழு, அம்மொழியைப் பிறப்பிலேயே பேசும் ஆசிரியர், கட்டணம் கட்டி ஆர்வத்தோடு வரும் மாணவர் – இம்மூன்றும் இருக்குமிடத்தில் அது வெற்றி பெற்றது. அரசுப்பள்ளிகளிலோ இம்மூன்றும் அரிது.

இதை ஆசிய மண்ணில் நின்று உணர்ந்தவர் மைக்கேல் வெஸ்ட். வங்காளத்தின் டாக்காவில் கல்விப்பணியாற்றிய அவர், 1926-இல் வெளியிட்ட நூலில் ஓர் அருமையான கருத்தை முன்வைத்தார். காப்புறுதித் திட்டத்தை இடையிலேயே முறித்துக்கொண்டால் எவ்வளவு கைக்கு வரும் என்று நாம் பார்ப்பதில்லையா? அதேபோல், பிள்ளை படிப்பை இடையில் நிறுத்தினால் கற்ற மொழியில் எவ்வளவு மிஞ்சும் என்று ஆசிரியர் கேட்கவேண்டும் என்றார் அவர். வங்காள மாணவருள் பலர் பாதியில் விலகுவோர். ஆங்கிலம் பேசும் வாய்ப்பும் அவர்களுக்கு மிகக் குறைவு. ஆகவே, வாசிப்பை முதலில் கொடுங்கள் என்றார். எந்த முறையை ஏற்றாலும் இந்தக் கேள்வியை நாம் விட்டுவிடக்கூடாது என்பது என் கருத்து.

பிறகு போர் வந்தது. 1943-இல் அமெரிக்க இராணுவம் தன் வீரர்களுக்குப் பல்கலைக்கழகங்களில் தீவிர மொழிப்பயிற்சி அளித்தது. அம்மொழி பேசுவோரைப் பின்பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் பயிற்சி அது. 1957-இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவிய பின்னர், அமெரிக்கா மொழிக்கல்விக்குப் பெரும்பணம் ஒதுக்கியது. ஒலிநாடாவும் மொழிக்கூடமும் பள்ளிகளுக்குள் வந்தன. இராணுவ முறை வளர்த்தெடுக்கப்பட்டுக் 'கேட்டல்–பேசுதல் முறை' ஆயிற்று. மொழி என்பது பழக்கம். பிழை என்பது கெட்ட பழக்கம். வாய் தவறும் முன்பே தடுக்கவேண்டும் – இதுவே அதன் கொள்கை. சிறு குழு வீரர்களுக்குப் பயன்பட்டதை நாற்பது பிள்ளைகள் கொண்ட வகுப்பில், வாரத்திற்குச் சில பாடவேளைகளில் செய்து பார்த்தால் கொட்டாவிதான் வரும்.

1959-இல் சாம்ஸ்கி, ஸ்கின்னரின் நூலுக்கு எழுதிய மதிப்புரையில், மொழி பழக்கத்தால் வருவது என்னும் எண்ணத்தையே தகர்த்தார். 1967-இல் பிட் கார்டர் பிழைகளைப் புதிய கண்ணோடு பார்த்தார். 'வா' என்பதிலிருந்து ஒரு பிள்ளை 'வாந்தேன்' என்று ஆக்கிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அந்தச் சொல்லை யாரும் அதற்குக் கற்றுக் கொடுத்திருக்க முடியாது. தன் மனத்துக்குள் ஒரு விதியை அது தானே அமைத்திருக்கிறது என்பதற்கு அப்பிழையே சான்று. சிவப்பு மையால் வட்டமிடுமுன் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

எழுபதுகளில் கருத்துப்பரிமாற்ற முறை தலையெடுத்தது. ஐரோப்பிய மன்றம் 1975-இல், ஒருவர் அன்றாட வாழ்வில் பிறமொழியில் என்னென்ன செய்ய இயலவேண்டும் என்று வரையறுத்தது. அதைவிட நமக்கு நெருக்கமானது தென்னிந்தியாவில் நடந்த ஒரு முயற்சி. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு, பெங்களூரு, சென்னை, கடலூர் ஆகிய ஊர்களின் பள்ளிகளில் ஆங்கில வகுப்புகள் சிலவற்றை முற்றிலும் வேறு விதமாக நடத்தச் செய்தார். அங்கே இலக்கணப் பட்டியல் கிடையாது. இரயில் கால அட்டவணையைக் கொடுத்து, 'இன்ன வண்டியில் புறப்பட்டால் எப்போது போய்ச் சேரலாம்?' என்று கேட்பார்கள். வரைபடத்தைக் கொடுத்து வழி கேட்பார்கள். பிள்ளையின் கவனம் கணக்கின் விடையில் இருக்கும்; அந்நேரத்தில் மொழி தானாகப் படியும் என்பது எதிர்பார்ப்பு. பெரிய வகுப்பு, கரும்பலகை, எளிய ஆசிரியர் என்னும் நம் ஊர்ச் சூழலிலேயே இது நடந்தது என்பதுதான் இதன் சிறப்பு. இன்று உலகெங்கும் பேசப்படும் 'பணிவழிக் கற்றல்' பற்றிய நூல்கள் இந்த முயற்சியைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. பின்னாளில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிரபு, 1990-இல் எழுதிய கட்டுரையில் 'மிகச்சிறந்த முறை' என ஒன்று இல்லை என்றே வாதிட்டார். தான் செய்வது ஏன் பயன்தரும் என்ற உயிருள்ள நம்பிக்கை ஆசிரியரிடம் இருக்கிறதா என்பதே அவர் எழுப்பிய கேள்வி.

இனி நம் சிங்கப்பூருக்கு வருவோம். 1966-இல் உயர்நிலைப்பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயமாயிற்று. தமிழ்வழி உயர்நிலைப்பள்ளியாக இறுதிவரை நின்ற உமறுப்புலவர் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மொழி. தமிழ்வழிப் பள்ளிகளின் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டிலிருந்தே பேச்சுத்தமிழைக் கொண்டுவந்தனர். பள்ளி எழுத்துத்தமிழை மட்டும் கொடுத்தால் போதுமானதாக இருந்தது. அந்தக் கணக்கு மாறியதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பே காட்டுகிறது: வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசிய சிங்கப்பூர் இந்தியர் 2000-இல் 42.9 விழுக்காடு, 2010-இல் 36.7 விழுக்காடு. பேசத் தெரியாமல் வரும் பிள்ளைக்கு எழுத்துத்தமிழை மட்டும் ஊட்டினால், ஹாம்பர்க் விரிவுரையில் அமர்ந்த குவென் படும் பாட்டையே அதுவும் படும். 2005-இல் தமிழ்ப் பாடத்திட்டத்தையும் கற்பித்தலையும் ஆராய்ந்த குழு பேச்சுத்தமிழுக்கு வகுப்பில் உரிய இடம் தரப் பரிந்துரைத்ததன் காரணம் இதுதான். கொச்சையை நீக்கிய, பலரும் புரிந்துகொள்ளும் திருந்திய பேச்சுத்தமிழே அங்கு கருதப்பட்டது.

பெற்றோரின் கேள்விக்கு வருகிறேன். தாங்கள் படித்த முறை தங்களுக்குப் பயன்பட்டது என்று அவர்கள் சொல்வது உண்மை. அவர்களுக்குப் பேச்சுத்தமிழைக் கொடுக்க வீட்டில் பாட்டி இருந்தார். இன்று அந்தப் பணியில் ஒரு பகுதியைப் பள்ளி ஏற்றிருக்கிறது. அதே வேளையில், பேச்சு வந்துவிட்டால் போதும் என்று நின்றுவிடுவோரிடமும் எனக்கு உடன்பாடில்லை. உயர்நிலைப்பள்ளித் தேர்வோடு தமிழை விட்டுவிடும் பிள்ளையை எண்ணி வெஸ்டின் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பேச்சு மட்டும் கற்றிருந்தால், பேச ஆளில்லாத வீட்டில் அது விரைவில் மங்கும். சரளமாக வாசிக்கப் பழகியிருந்தாலோ, தமிழ் முரசும் நூலகத்தின் தமிழ்ப்பகுதியும் பத்தாண்டு கழித்தும் அதற்குத் திறந்தே இருக்கும். அதனால்தான் என் வகுப்பில் தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் பேச்சுக்கே பெரும்பகுதி நேரம் தருகிறேன். நான்காம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு வாரமும் ஒரு கதைப்புத்தகம் வீட்டுக்கு வரும். அதைப் பிள்ளை உங்களுக்கு உரக்கப் படித்துக்காட்டட்டும். நடுவே நிறுத்தித் திருத்தாமல் கேளுங்கள்.