ஸ்னைடர் எதிர் ஃபெல்ப்ஸ்

ஸ்னைடர் எதிர் ஃபெல்ப்ஸ் என்பது, பொது இடத்தில் நடைபெறும் போராட்டத்தில் கருத்துச் சுதந்திரம் எங்கே முடிகிறது, துன்புறுத்தல் எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியை ஆராய்ந்த ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்ற வழக்கு ஆகும். மார்ச் 2, 2011 அன்று வெளியான தீர்ப்பில், ஒரு படைவீரரின் இறுதிச் சடங்கின்போது பதாகை ஏந்திப் போராடியவர்கள் அவரது தந்தைக்கு இழப்பீடு தர வேண்டியதில்லை என்று 8-1 என்ற பெரும்பான்மையில் முடிவு செய்யப்பட்டது.

பின்னணி

வெஸ்ட்போரோ பாப்டிஸ்ட் திருச்சபை கான்சஸ் மாநிலத்தின் டொபீகா நகரில் உள்ள ஒரு சிறு குழுவாகும். இதனை நிறுவியவர் ஃபிரெட் ஃபெல்ப்ஸ் (இறப்பு: 2014). தன்பாலீர்ப்பை ஏற்றுக்கொள்வதற்காக அமெரிக்காவைக் கடவுள் தண்டிக்கிறார் என்பது இக்குழுவின் கொள்கை. போரில் இறந்த வீரர்களின் இறுதிச் சடங்குகள் நடைபெறும் இடங்களில் இக்கொள்கையைப் பதாகைகள் மூலம் பரப்பி வந்தது.

கடற்படைப் பிரிவு வீரரான மேத்யூ ஸ்னைடர் 2006 மார்ச்சில் ஈராக்கில் இறந்தார். மேரிலாந்து மாநிலத்தின் வெஸ்ட்மின்ஸ்டர் நகரில் நடந்த அவரது இறுதிச் சடங்கிற்கு ஃபெல்ப்சுடன் சேர்த்து ஏழு பேர் வந்தனர். காவல் துறைக்கு முன்னரே அறிவித்து, தேவாலயத்திலிருந்து சுமார் 1000 அடி (ஏறத்தாழ 300 மீட்டர்) தொலைவில் பொது நிலத்தில் நின்று, சடங்கு தொடங்குமுன் சுமார் 30 நிமிடங்கள் போராடினர். வீரர்களின் இறப்பிற்காகக் கடவுளுக்கு நன்றி கூறும் வாசகங்களும் பதாகைகளில் இருந்தன. தந்தை ஆல்பர்ட் ஸ்னைடர் அப்போது பதாகைகளின் மேற்பகுதியை மட்டுமே கண்டார். வாசகங்களை அன்றிரவு தொலைக்காட்சிச் செய்தியிலேயே அறிந்தார்.

கீழ் நீதிமன்றங்கள்

வேண்டுமென்றே உளத்துயர் விளைவித்தல், தனிமையில் குறுக்கிடல் முதலியவற்றிற்காகத் தந்தை வழக்குத் தொடர்ந்தார். 2007 இல் நடுவர் குழு (ஜூரி) 29 இலட்சம் டாலர் இழப்பீடும், 80 இலட்சம் டாலர் தண்டனை இழப்பீடும் வழங்கியது. நீதிபதி மொத்தத் தொகையை 50 இலட்சம் டாலராகக் குறைத்தார். 2009 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை முழுவதுமாக மாற்றியது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு

வழக்கு தனியார் இருவருக்கிடையே ஆனதாயினும், பேச்சுக்காக இழப்பீடு செலுத்துமாறு நீதிமன்றம் ஆணையிடுவது அரசின் செயலே. ஆகவே அரசியலமைப்பின் முதலாம் திருத்தம் இங்கும் பொருந்தும். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பு பின்வருவனவற்றைக் கருத்தில் கொண்டது:

- பொருள்: ஒன்றிரண்டு வாசகங்கள் குடும்பத்தைச் சுட்டுவதாகக் கொண்டாலும், ஒட்டுமொத்தப் பேச்சு போர், ஒழுக்கம், சமயம் ஆகிய பொது விடயங்களைப் பற்றியது.
- இடம்: போராட்டம் பொதுத் தெருவை ஒட்டிய நிலத்தில் நடந்தது.
- முறை: கூச்சலோ வன்முறையோ இல்லை. சடங்கிற்கு இடையூறும் ஏற்படவில்லை.

ஒரு பேச்சு "மிகக் கொடியது" என்று நடுவர் குழு கருதுவதை அளவுகோலாகக் கொண்டால், பிடிக்காத கருத்துகளே தண்டிக்கப்படும் என்பதும் தீர்ப்பின் முக்கிய வாதமாகும்.

மாற்றுக் கருத்து

நீதிபதி சாமுவேல் அலிட்டோ மட்டும் மாறுபட்டார். பொது விவாதத்திற்கு வேறு எண்ணற்ற இடங்கள் இருக்கையில், துயருற்ற ஒரு தனிமனிதரைத் தேர்ந்தெடுத்துச் சொற்களால் தாக்குவதற்குச் சுதந்திரம் உரிமம் ஆகாது என்பது அவரது நிலைப்பாடு.

எல்லை எங்கே?

இத்தீர்ப்பு எல்லாப் போராட்டங்களுக்கும் பாதுகாப்பு அளிக்கவில்லை. கருத்தைத் தடை செய்யாமல், நேரம், இடம், முறை ஆகியவற்றை அரசு நியாயமாக ஒழுங்குபடுத்தலாம். விஸ்கான்சினில் ஒரு மருத்துவர் வீட்டின் முன் நடந்த போராட்டங்களை அடுத்து எழுந்த ஃபிரிஸ்பி எதிர் ஷூல்ட்ஸ் வழக்கில் (1988), குறிப்பிட்ட ஒரு வீட்டைக் குறிவைத்து அதன் முன் நின்று போராடுவதைத் தடுக்கும் விதி ஏற்கப்பட்டது. வீட்டினுள் இருப்பவர் விரும்பாத பேச்சிலிருந்து விலகிச் செல்ல வழியில்லை என்பதே காரணம். மாறாக, மக்கள்லன் எதிர் கோக்லி வழக்கில் (2014), கருக்கலைப்பு மருத்துவமனைகளைச் சுற்றி மாசச்சூசெட்ஸ் வகுத்த 35 அடித் தடைவெளி, தேவைக்கு மேல் பேச்சைக் கட்டுப்படுத்துவதாகக் கூறி நீக்கப்பட்டது. மெய்யான மிரட்டல்களுக்குப் பாதுகாப்பு கிடையாது.

விளைவுகள்

2012 இல் இயற்றப்பட்ட கூட்டரசுச் சட்டம், படைவீரர்களின் இறுதிச் சடங்கிற்கு இரண்டு மணி நேரம் முன்பும் பின்பும் அருகில் இடையூறு செய்வதைக் கட்டுப்படுத்தியது. வாசகங்களைத் தடுக்காமல் நேரத்தையும் தொலைவையும் மட்டும் வரையறுப்பது, நீதிமன்றம் திறந்து வைத்த வழியே ஆகும்.

இவற்றையும் பார்க்க

- கருத்துச் சுதந்திரம்
- ஐக்கிய அமெரிக்க அரசியலமைப்பின் முதலாம் திருத்தம்
- தீங்கியல் சட்டம்