மூன்று தாய்மார் இறந்த ராத்திரி

பிரசவத்தில் நம்ம பெண்கள் பட்ட பாடும் ஒரு சரித்திரம்தான். அதில் நம்ம பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

1993-க்கு முன்னாடி கடலூர், சிதம்பரம், திண்டிவனம் எல்லாமே தென்னாற்காடு ஜில்லா. 1900-க்குச் சில வருஷம் முன்பு, திண்டிவனத்தில் ஒரு அமெரிக்க மிஷன் டாக்டர் இருந்தார். அவர் மகள் ஐடா ஸ்கடர், அப்போது டாக்டருக்குப் படிக்காத இளம்பெண். ஒரே ராத்திரியில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக வந்து, மனைவிக்குப் பிரசவம் சிக்கலாக இருக்கிறது என்று ஐடாவைக் கூப்பிட்டார்கள். அப்பாவை அழைத்துப் போங்கள் என்றதற்கு, வேற்று ஆம்பளை பார்க்கக்கூடாது என்று மூவருமே திரும்பிவிட்டார்கள். விடிந்தால் மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. அந்த துக்கத்தில்தான் ஐடா அமெரிக்கா போய்ப் படித்து, 1900-ல் டாக்டராகத் திரும்பி வந்து, வேலூரில் வைத்தியம் ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியும் தொடங்கினார்.

புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மா 1912-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். அவர் பெயரில்தான் நமக்கு மகப்பேறு உதவித்தொகை வருகிறது. 2008-ல் 108 வண்டியும் வந்தது. தமிழ்நாட்டில் ஒரு லட்சம் குழந்தை பிறந்தால், 2001-03-ல் 134 தாய்மார் இறந்தார்கள். 2018-20-ல் அது 54 ஆகக் குறைந்தது.

அந்த 54 பேரும் ஒரு வீட்டுக்கு மகள்தானே? பிரசவ சமயத்தில் வலிப்பு வந்தால் அந்தக் காலத்தில் காத்து கருப்பு என்று வேப்பிலை அடித்தார்கள். அது ரத்தக் கொதிப்பு. பிரஷர் 140/90 வந்தாலே கவனிக்க வேண்டும். ரத்த அளவு 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. அந்த உடம்பு பிரசவத்தில் ரத்தப்போக்கைத் தாங்காது. அதனால் சத்து மாத்திரையைக் குப்பையில் போடாதீங்க. சர்க்கரை முன்னே இல்லாதவளுக்கும் கர்ப்பத்தில் வரலாம். சர்க்கரைத் தண்ணி கொடுத்து 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கும் டெஸ்டை விடக்கூடாது.

கடுமையான தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம், ரத்தப்போக்கு, வலிப்பு, குழந்தை அசைவு குறைவது, இதில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி போகணும். வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு வரட்டும், மாமியாரைக் கேட்டுக்கலாம், இன்னைக்கு நாள் சரியில்லை என்று நாம் காத்திருக்கும் நேரம்தான் ஆபத்து. அன்று திண்டிவனத்தில் டாக்டர் இருந்தும் வீட்டுக்குள் விடவில்லை. இன்று ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது, நாம்தான் வாசலைத் தாண்டத் தாமதிக்கிறோம்.

ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் சேமிப்பு, கடன் கணக்கு எழுதி முடித்ததும், கர்ப்பமாக இருக்கும் உறுப்பினரிடம் பிரஷர் எவ்வளவு, ரத்தம் எவ்வளவு என்று கேட்போம். அவசரத்துக்கு யார் கூடப் போவது என்றும் அன்றே பேசி வைப்போம்.